விவரங்கள் கசிந்துவிட்டன, இனி எதைக் காப்பது?

ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியரான உங்கள் தந்தையாருக்கு, வங்கியின் மும்பைத் தலைமை அலுவலகத்திலிருந்து பேசுவதாக ஓர் அழைப்பு வந்திருக்கிறது. பேசியவர் அவருடைய முழுப்பெயர், பிறந்த தேதி, ஓய்வுபெற்ற மாதம், கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் ஆகியவற்றைப் பிசகில்லாமல் சொல்லியிருக்கிறார். ஓடிபி கேட்டபோது தந்தையார் ஐயமுற்று இணைப்பைத் துண்டித்துவிட்டார். அதன் பிறகு வருமான வரி ரீஃபண்ட் என்ற பெயரில் மின்னஞ்சல்களும் வரத் தொடங்கியுள்ளன. இத்தனை விவரமும் எப்படிக் கசிந்தது, கைபேசி எண்ணை மாற்றிவிடலாமா, இனி எதை எப்படிப் பாதுகாப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வங்கியில் மோசடிப் புகார்களைக் கையாளும் பிரிவில் நெடுநாள் பணியாற்றியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், எண்ணை மாற்றாதீர்கள். வங்கி, ஓய்வூதியம், ஆதார், பான், எரிவாயு இணைப்பு என்று அந்த எண் எங்கெங்கே பதிவாகியிருக்கிறது என்பதை முழுமையாக நினைவுகூர எவராலும் இயலாது. கைவிடப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள்கள் முடக்கி வைத்த பிறகு, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அதனை வேறொருவருக்கு வழங்கிவிடலாம். மாற்ற மறந்த ஏதோவொரு கணக்கின் ஓடிபி அன்றைக்கு முன்பின் தெரியாதவரின் கைபேசிக்குப் போகும். புதிய எண்ணோ, நாலைந்து இடங்களில் கொடுத்த சில மாதங்களிலேயே மீண்டும் அதே பட்டியல்களில் ஏறிவிடும்.

கசிவைப் பொறுத்தவரை, எந்த ஓட்டை வழியாக வெளியேறியது என்று தேடிக் களைப்பதில் பயனில்லை; ஓட்டைகள் அத்தனை இருக்கின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் காப்பீட்டுதாரர் விவரங்கள் 2024இல் டெலிகிராம் வழியாக வெளியில் உலவியது பலருக்கும் நினைவிருக்கும். 2021இல் ஏர் இந்தியா பயணிகள் ஏறத்தாழ 45 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்ததை அந்நிறுவனமே அறிவித்தது. செய்தியாக வராத கசிவுகளே அதிகம். தெருமுனை ஜெராக்ஸ் கடையை எண்ணிப் பாருங்கள்: ஆதாரையும் பான் அட்டையையும் அச்செடுக்க வேண்டுமென்றால் கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்கோ ஜிமெயிலுக்கோ அனுப்பச் சொல்கிறார், நாமும் அனுப்பிவிட்டு, ஐந்து ரூபாய் கொடுத்துத் தாளை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம், அந்தக் கோப்பு கடையின் கணினியில் பதிவிறக்கக் கோப்புறையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. இ-ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டுமே அந்தக் கடவுச்சொல். உங்கள் தந்தையாரை அழைத்தவருக்கு இவ்விரண்டும் தெரிந்திருந்தன.

ஆகவே பெயர், பிறந்த தேதி, முகவரி, கணக்கு எண்ணின் ஒரு பகுதி, பழைய பணியிடம் ஆகியவை அந்நியர் கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டே இனி நடந்துகொள்ள வேண்டும். இதனை ஏற்றுக்கொள்வது மனத்துக்குக் கசப்பாக இருந்தாலும், இதிலிருந்து மிகவும் பயனுள்ள ஒரு முடிவு கிடைக்கிறது: அழைப்பவருக்கு உங்களைப் பற்றித் தெரிந்திருப்பது, அவர் வங்கியைச் சேர்ந்தவர் என்பதற்கு எள்ளளவும் சான்றாகாது. நான் பார்த்த புகார்களில் பெரும்பாலானவற்றில், "எல்லா விவரமும் அவரே சரியாகச் சொன்னாரே" என்ற வாக்கியம் தவறாமல் வந்தது. ஏமாந்தவர்கள் விவரமறியாதவர்கள் அல்லர். தலைமை ஆசிரியர்களும் மருத்துவர்களும், ஏன், வங்கியிலிருந்தே ஓய்வுபெற்றவர்களும் அவர்களில் உண்டு.

தெரிந்த விவரங்களை மட்டும் வைத்துப் பணத்தை எடுத்துவிட முடியாது. அதற்கு ஓடிபி, யுபிஐ பின், அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்க எண், சிம் அட்டை, மின்னஞ்சல் கணக்கு, கைபேசித் திரை, விரல்ரேகை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அவர்கள் கைக்கு வர வேண்டும். காவலை முழுவதும் இந்த ஏழின் மேல் வையுங்கள். எந்த மோசடி அழைப்பை எடுத்துப் பார்த்தாலும், எவ்வளவு நீளமான கதையாக இருந்தாலும், அது கடைசியில் இவற்றுள் ஒன்றில்தான் வந்து நிற்கும். அல்லது உங்களையே மிரட்டி, உங்கள் கையாலேயே பணத்தை அனுப்ப வைக்கும்.

உங்கள் தந்தையாருக்கு வந்தது போன்ற அழைப்பு எப்படி அமைக்கப்படுகிறது என்று பாருங்கள். "வணக்கம் சார், ஹெட் ஆபீஸ் பென்ஷன் செக்‌ஷன்ல இருந்து பேசுறேன். உங்க லைஃப் சர்டிபிகேட் அப்டேட் ஆகல. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள பண்ணலைன்னா அடுத்த மாசம் பென்ஷன் கிரெடிட் ஆகாது. நீங்க பேங்குக்கு அலைய வேணாம் சார், நானே இங்கிருந்து பண்ணித் தரேன்." இதில் பதவி, கெடு, இழப்பு, உதவி ஆகிய நான்கும் அரை நிமிடத்துக்குள் வந்துவிடுகின்றன. அடுத்து அவர் தமக்குத் தெரிந்த விவரங்களை ஒவ்வொன்றாகப் படித்து, "சரிதானே சார்?" என்று கேட்பார். நான்கைந்து முறை "ஆமாம்" என்று சொல்லிப் பழகிய வாய், ஆறாவதாக வரும் ஓடிபி கேள்விக்கும் மறுக்காமல் பதில் சொல்லிவிடுகிறது. மத்திய அரசு ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்று அளிக்கும் மாதம் நவம்பர் என்பதால், அந்தப் பருவத்தில் இவ்வகை அழைப்புகளும் பெருகும். ஓய்வூதியம் வழங்கும் எந்த அலுவலகமும் வாழ்நாள் சான்றைத் தொலைபேசி உரையாடலில் புதுப்பித்துத் தருவதில்லை. வங்கிக் கிளை, அஞ்சலகம், ஜீவன் பிரமாண் செயலி போன்ற வழிகளில் ஓய்வூதியரே அதனை அளிக்க வேண்டும்.

அழைக்கும் எண்ணைப் பார்த்து முடிவு செய்யலாமா என்றால், ஓரளவுக்கு மட்டும் செய்யலாம். வங்கிகளும் பிற நிதி நிறுவனங்களும் சேவை தொடர்பான அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களையும், விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்களையும் பயன்படுத்த வேண்டும் என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. எனவே "வங்கித் தலைமை அலுவலகம்" ஒரு சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து அழைத்தால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். ட்ரூகாலரில் தெரியும் பெயரையும் வங்கியின் இலச்சினையையும் நம்ப வேண்டாம். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் அப்படிப் பதியச் செய்ய முடியும். குறுஞ்செய்தியில் அனுப்புநர் பெயரின் கடைசியில் வரும் ஆங்கில எழுத்தைக் கவனிக்கலாம்: பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. "உங்கள் மின்இணைப்பு இன்றிரவு 9.30க்குத் துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியை அழையுங்கள்" என்று தனியார் கைபேசி எண்ணிலிருந்து வந்த செய்தியால் தமிழ்நாட்டில் பலர் பணமிழந்து, மின்வாரியமே எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. அந்தச் செய்தியில் அனுப்புநர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பத்து இலக்க எண் இருந்ததே போதிய அடையாளமாக இருந்தது.

இருந்தாலும் எண்ணை வைத்து அடையாளம் காண்பது இரண்டாம்பட்சமே. முதன்மையானது, வந்த அழைப்பில் எந்த வேலையையும் முடிப்பதில்லை என்ற பழக்கம். எவர் அழைத்தாலும், "நானே கிளைக்குப் பேசிக்கொள்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, அட்டையின் பின்புறமோ பாஸ்புக்கிலோ அச்சிடப்பட்டுள்ள எண்ணைத் தாமே சுழற்றிப் பேச வேண்டும். அந்த எண்ணைக் கூகுளில் தேடக் கூடாது. வாடிக்கையாளர் சேவை எண் என்ற பெயரில் மோசடிக்காரர்கள் தங்கள் எண்களைத் தேடல் முடிவுகளிலும் வரைபடப் பக்கங்களிலும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். மோசடியிலிருந்து தப்பித்து, புகார் சொல்ல எண் தேடியபோது மற்றொரு மோசடிக்காரரிடம் போய்ச் சிக்கியவர்கள் இருக்கிறார்கள். உண்மையான வங்கி ஊழியர் எவரும் நீங்கள் வைத்துவிட்டதற்காகக் கோபிக்க மாட்டார். "லைனைக் கட் பண்ணாதீங்க" என்று ஒருவர் வற்புறுத்தினால், அவர் யார் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது இன்று ஏறத்தாழ எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், அதனைக் கேட்காமலே பெறும் வழிகளை மோசடிக்காரர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். இதில் மூன்று வழிகளை உங்கள் தந்தையாருக்கு நேரில் அமர்ந்து விளக்குங்கள்.

ஒன்று, அழைப்பைத் திசைதிருப்புவது. கூரியர் ஊழியர் என்று ஒருவர் அழைத்து, பார்சலை உறுதிசெய்ய *21* என்று தொடங்கி ஒரு கைபேசி எண்ணும் இறுதியில் # குறியும் கொண்ட தொடரை அழுத்தச் சொல்கிறார். அழுத்தியவுடன் உங்களுக்கு வர வேண்டிய அழைப்புகள் எல்லாம் அந்த எண்ணுக்குப் போகத் தொடங்குகின்றன. பிறகு அவர்கள் தங்கள் கைபேசியில் உங்கள் எண்ணைக் கொண்டு வாட்ஸ்அப்பைத் திறந்து, சரிபார்ப்புக் குறியீட்டைக் குரல் அழைப்பாக அனுப்பும்படி கேட்கிறார்கள். குறியீட்டைச் சொல்லும் அழைப்பு நேராக அவர்களிடம் போய்ச் சேருகிறது. அடுத்த பத்து நிமிடங்களில் உங்கள் உறவினர்கள் எல்லோருக்கும், "அவசரமாக இருபதாயிரம் அனுப்ப முடியுமா?" என்று உங்கள் பெயரிலேயே செய்தி போகும். *401* என்று தொடங்கும் தொடரும் இதே வகைதான். ஏற்கெனவே அழுத்திவிட்டீர்களோ என்ற ஐயமிருந்தால் ##002# என்று சுழற்றினால் எல்லாத் திசைதிருப்பல்களும் நீங்கும். வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் இருபடிச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்கப் பின் எண்ணை இன்றே வைத்துவிடுங்கள். அது இருந்தால் குறியீடு மட்டும் கிடைத்தவரால் கணக்கைத் திறக்க முடியாது.

இரண்டாவது, ஏபிகே கோப்பு. போக்குவரத்து விதிமீறல் அபராதம், திருமண அழைப்பிதழ், பிஎம் கிசான் உதவித்தொகை, வங்கியின் கேஒய்சி என்று ஏதோவொரு பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் இந்தக் கோப்பு, படமோ ஆவணமோ போலத் தோன்றினாலும் உண்மையில் ஒரு செயலி. திறந்தவுடன் "தெரியாத மூலத்திலிருந்து நிறுவ அனுமதிக்கவா?" என்று கைபேசி கேட்கும்; ஒப்புக்கொண்டால் அடுத்துக் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். அவ்வளவுதான், அதன் பிறகு ஓடிபிகளை யாரும் உங்களிடம் கேட்க வேண்டியதில்லை, அவை தாமாகவே போய்ச் சேரும். நன்கு தெரிந்த நண்பரின் எண்ணிலிருந்து வந்தாலும் திறக்காதீர்கள், ஏனென்றால் பெரும்பாலும் அந்த நண்பரின் கைபேசி ஏற்கெனவே சிக்கியிருக்கும். தவறி நிறுவிவிட்டால் உடனே மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறொரு கைபேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பிறகு கைபேசியை ஃபேக்டரி ரீசெட் செய்வதே பாதுகாப்பானது. அந்தச் செயலியை மட்டும் நீக்கிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாவது, திரைப் பகிர்வு. எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலிகள் நல்ல நோக்கத்துக்காக உருவானவை. ஆனால் அவற்றையோ வாட்ஸ்அப் காணொளி அழைப்பிலுள்ள திரைப் பகிர்வையோ தொடங்கிவிட்டால், உங்கள் கைபேசியில் வந்து விழும் ஒவ்வொரு ஓடிபியையும் எதிர்முனையில் இருப்பவர் உங்களோடு சேர்ந்தே படிக்கிறார். எந்த வங்கியும் திரையைப் பகிரச் சொல்வதில்லை. யுபிஐ பற்றி ஒரே வரியில் சொல்லிவிடலாம்: பணம் பெற யுபிஐ பின் எண்ணும் தேவையில்லை, க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை.

முதியவர்களின் வாழ்நாள் சேமிப்பையே விழுங்குவது "டிஜிட்டல் கைது" என்ற மிரட்டல். உங்கள் பெயரில் அனுப்பப்பட்ட பார்சலில் போதைப்பொருள் சிக்கியது, உங்கள் ஆதாரைக் கொண்டு திறந்த கணக்கில் கறுப்புப் பணம் புழங்கியது என்று தொடங்கி, அழைப்பை மும்பைக் காவல்துறைக்கோ சிபிஐக்கோ மாற்றுவதாகச் சொல்லி, வாட்ஸ்அப் காணொளியில் சீருடையணிந்த ஒருவரைக் காட்டுவார்கள். பின்னணியில் காவல்துறை இலச்சினையும் தேசியக் கொடியும் இருக்கும். போலி நீதிபதிகூட வந்து போவார். காணொளியை அணைக்கக் கூடாது, அறையைவிட்டு வெளியேறக் கூடாது, மனைவி மக்களிடம் சொல்லக் கூடாது என்று நாள்கணக்கில் பிடித்து வைத்து, வைப்புத்தொகையை உடைத்து, "ரிசர்வ் வங்கி சரிபார்ப்புக் கணக்குக்கு" மாற்றச் சொல்வார்கள். காணொளி வழியாகக் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை. 2024 அக்டோபரில் பிரதமர் தம் வானொலி உரையிலேயே இதனை எடுத்துச் சொன்னார். 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் பொறுப்பைச் சிபிஐயிடம் ஒப்படைத்தது. இத்தனைக்குப் பிறகும் மக்கள் சிக்குவதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. குடும்ப மானம் போய்விடுமோ என்ற அச்சம் வாயைக் கட்டிப்போடுகிறது. ஆகவே உங்கள் தந்தையாரிடம், "இப்படி ஓர் அழைப்பு வந்தால் என்ன சொன்னாலும் சரி, முதலில் எனக்கு ஒரு போன் போடுங்கள் அப்பா, நான் எதுவும் கேட்க மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எந்தப் பாதுகாப்புச் செயலியைவிடவும் இது உதவும் என்பது என் அனுபவம்.

இடையில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. எதிர்முனையில் பேசுபவர்களில் சிலர் அவர்களே சிறைப்பட்டவர்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்று, மியான்மரின் மியாவடிப் பகுதியில் அடைத்து வைக்கப்பட்டு, மோசடி வேலை செய்ய வற்புறுத்தப்பட்ட தமிழக இளைஞர்கள் 2022இல் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். அப்படிப்பட்ட வேலைவாய்ப்பு விளம்பரமும் இதே வலையின் மற்றொரு முனை என்பதை வீட்டிலுள்ள இளைஞர்களுக்குச் சொல்லி வைப்பது நல்லது.

இனி மின்னஞ்சலுக்கு வருகிறேன். வருமான வரித்துறை ரீஃபண்ட் தொகையை, கணக்கு தாக்கல் செய்யும் தளத்தில் முன்பே சரிபார்க்கப்பட்ட வங்கிக் கணக்குக்கு மட்டுமே செலுத்துகிறது. அதைப் பெற இணைப்பு ஒன்றைச் சொடுக்கி அட்டை விவரம் தர வேண்டிய தேவை எக்காலத்திலும் எழாது. ஆகவே அந்த அஞ்சல்களை அழித்துவிடலாம். ஆனாலும் பொய்யான முகவரியைப் படித்தறியும் முறையைக் கற்றுக்கொள்வது பிற அஞ்சல்களுக்கும் உதவும். அனுப்புநர் பெயராக எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஜிமெயிலில் அந்தப் பெயருக்கருகே உள்ள சிறு அம்புக்குறியைத் தொட்டால்தான் உண்மையான முகவரி தெரியும். இணைப்பாக இருந்தால் சொடுக்காமல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அதன் முழு முகவரி விரியும். அதில் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்புறமாகப் படிக்க வேண்டும். வருமான வரித்துறையின் தளம் என்றால் அந்த இடம் "டாட் கவ் டாட் இன்" என்று முடிய வேண்டும். முகவரியின் தொடக்கத்தில் "இன்கம்டேக்ஸ்" என்றும் நடுவில் "கவ்" என்றும் இருந்து, கடைசியில் "டாட் எக்ஸ்ஒய்இசட்" என்றோ "டாட் டாப்" என்றோ முடிந்தால், அந்த முடிவையும் அதற்கு நேர் முன்னே உள்ள சொல்லையும் சேர்த்துப் பதிவு செய்தவரே அந்தத் தளத்துக்கு உரிமையாளர். அவற்றுக்கும் முன்னே உள்ள சொற்கள் அனைத்தும் அலங்காரம். வங்கிகளுக்கும் இதே வசதி வந்துவிட்டது: "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிகளுக்கு 2025 அக்டோபர் இறுதிக்குள் மாறும்படி ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் பணித்தது. வங்கிகளுக்கு மட்டுமே அந்த முகவரி வழங்கப்படுகிறது.

மின்னஞ்சல் கணக்கு வெறும் கடிதப் பெட்டி என்று பலர் கருதுகிறார்கள். மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்றியமைக்கும் இணைப்பு அங்கேதான் வருகிறது என்பதால், வீட்டின் சாவிக்கொத்து தொங்கும் ஆணி என்று அதனைச் சொல்லலாம். அதற்கென்று வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட கடவுச்சொல் வேண்டும். இருபடிச் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும். கணக்கு அமைப்புகளில், எந்தெந்தக் கருவிகளில் கணக்கு திறந்திருக்கிறது, அஞ்சல்கள் வேறு முகவரிக்குத் தாமாகத் திருப்பி அனுப்பப்படுகின்றனவா, மீட்புக்கான கைபேசி எண் உங்களுடையதுதானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் விதியை இரகசியமாக வைத்துவிட்டு மாதக்கணக்கில் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்து, சரியாகப் பணம் கைமாறும் நேரத்தில், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த இன்வாய்ஸுக்குப் புதிய கணக்கில் செலுத்துங்கள்" என்று எழுதுவது ஏற்றுமதி நிறுவனங்களை ஏமாற்றும் வழக்கமான முறை. சிறு தொழில் நடத்துபவர் உங்கள் வீட்டில் இருந்தால், கணக்கு மாற்றம் குறித்த எந்த அஞ்சலையும் பழைய எண்ணில் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்யாமல் ஏற்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அதே அமர்வில் இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். மின்னஞ்சலின் தேடல் பெட்டியில் ஆதார், பான், பாஸ்போர்ட் என்று ஒவ்வொன்றாகத் தட்டித் தேடினால், பல ஆண்டுகளாக யார் யாருக்கோ அனுப்பிய நகல்கள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றை அழித்து, குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்குங்கள். வாட்ஸ்அப்பில் ஜெராக்ஸ் கடை, தரகர், விடுதி வரவேற்பாளர் ஆகியோருக்கு அனுப்பிய உரையாடல்களையும் அப்படியே துடைத்துவிடலாம். கடையின் கணினியிலுள்ள கோப்பையும் உங்கள் கண்முன்னே நீக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் மறுப்பதில்லை, நாம்தான் கேட்பதில்லை. இனி நகல் கொடுக்க வேண்டிய இடங்களில், ஏற்றுக்கொள்வார்கள் என்றால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். தாள் நகலாக இருந்தால் எதற்காக, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று குறுக்கே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கலாம்.

விரல்ரேகையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கிலிருந்து, ஓடிபி எதுவுமின்றி, ஆதார் எண்ணும் கைரேகையும் மட்டும் கொண்டு சிற்றூர் வங்கி முகவரிடம் பணம் எடுக்கும் வசதி இருக்கிறது. நிலப்பதிவு ஆவணங்களில் உள்ள ரேகைகளைப் படியெடுத்துச் செயற்கை விரல் செய்து, இந்த வசதி வழியாகப் பணம் எடுத்த கும்பல்கள் சில மாநிலங்களில் பிடிபட்டிருக்கின்றன. ஆதார் செயலியிலோ ஆணையத்தின் தளத்திலோ பயோமெட்ரிக் பூட்டை இட்டுவிட்டால் இந்த வழி அடைபடும். ஆனால் ரேஷன் கடையில் கைரேகை வைக்கும்போதும், முகப்பதிவு மூலம் வாழ்நாள் சான்று அளிக்கும்போதும் பூட்டைத் தற்காலிகமாகத் திறக்க வேண்டியிருக்கும் என்பதை முன்பே சொல்லி வையுங்கள்; இல்லாவிட்டால் முதியவர் கடை வரிசையில் நின்று திண்டாடுவார்.

சிம் அட்டைக்கு இரண்டு வேலைகள் உண்டு. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று பார்க்கலாம். உங்களுடையது அல்லாததை அங்கேயே புகார் செய்து துண்டிக்கலாம். காரணமின்றிக் கைபேசியில் சிக்னல் முழுவதுமாக மறைந்து நெடுநேரம் திரும்பாவிட்டால், உங்கள் எண்ணுக்கு வேறொருவர் மாற்று சிம் வாங்கியிருக்கக்கூடும் என்று கருதி, நிறுவனத்தின் கடைக்கு உடனே செல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஏதேனும் பிசகலாம் என்று எண்ணி, போகக்கூடிய தொகையைக் குறைத்து வைப்பது என் வழக்கம். உங்களுக்கும் அதையே பரிந்துரைப்பேன். ஓய்வூதியம் வரும் கணக்கை யுபிஐயுடன் இணைக்காமல், மாதச் செலவுக்கான தொகையை மட்டும் வைத்திருக்கும் வேறொரு சிறு கணக்கை இணைக்கலாம். டெபிட் அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும், தேவையில்லையென்றால் இணையப் பரிவர்த்தனையையும் வங்கிச் செயலியிலேயே அணைத்து வைக்கலாம். நாளொன்றுக்கான பரிமாற்ற வரம்பைக் குறைக்கும்படி கேட்டால் கிளையில் செய்து தருவார்கள். வைப்புத்தொகையை இணையவழியில் முதிர்வுக்கு முன்பே முறிக்க முடியாதபடி தடுத்து வைக்கும் வசதி உங்கள் வங்கியில் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

பணம் போய்விட்டால் முதல் அழைப்பு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு. பரிவர்த்தனை எண், நேரம், தொகை, எந்தக் கணக்கிலிருந்து போனது என்ற நான்கையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். போன பணம், கமிஷனுக்காகத் தங்கள் கணக்கை வாடகைக்கு விட்டவர்களின் கணக்குகள் வழியாக மிக விரைவில் கைமாறிக்கொண்டே இருக்கும். வழியில் எங்கேயாவது அது நிற்கும்போதே முடக்க வேண்டும் என்பதால், கிளை திறக்கட்டும், மகன் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அதன் பிறகு தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் எழுத்துவழிப் புகாரும், வங்கியில் தனியாக ஒரு புகாரும் பதிந்து, இரண்டுக்கும் எண் வாங்கிக்கொள்ளுங்கள். முடக்கப்பட்ட தொகையைப் பெரும்பாலும் நீதிமன்ற ஆணையின் பேரில் திரும்பப் பெற வேண்டியிருக்கும் என்பதால் அந்த ஆவணங்கள் பின்னால் தேவைப்படும்.

வங்கியின் பொறுப்பு எவ்வளவு என்பதை ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையில் வகுத்தது. தவறு வங்கியுடையது என்றால் இழப்பு முழுவதும் வங்கியைச் சேரும். வங்கியும் நீங்களும் அல்லாமல் வேறெங்கோ நடந்த கசிவால் பணம் போயிருந்து, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் நீங்கள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் பொறுப்பு. நீங்களே ஓடிபி கொடுத்திருந்தாலும், புகார் பதிவான கணத்துக்குப் பிறகு போகும் தொகைக்கு வங்கியே பொறுப்பு. "நீங்கள்தானே கொடுத்தீர்கள்" என்று கிளையில் திருப்பி அனுப்பினால் இந்த விதியை எடுத்துக் காட்டுங்கள். வாடிக்கையாளரின் பிழை என்று மெய்ப்பிக்க வேண்டிய கடமையும் அதே விதிப்படி வங்கியுடையது. 30 நாள்களில் நிறைவான பதில் கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கான உதவி எண் 14448.

உங்கள் தந்தையாருக்கு இப்போது பணம் எதுவும் போகவில்லை என்பதால் 1930 தேவையில்லை. வந்த அழைப்பையும் எண்ணையும் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதியில் பதிந்துவிடுங்கள். அந்த எண் இன்னொருவரை அழைப்பதற்குள் துண்டிக்கப்படலாம். ஒன்றை மட்டும் எதிர்பார்த்திருங்கள்: ஒருமுறை பட்டியலில் ஏறியவர்களை, சில வாரங்கள் கழித்து "சைபர் காவல் நிலையத்திலிருந்து" என்றும், "இழந்த பணத்தை மீட்டுத் தரும் வழக்கறிஞர்" என்றும் சொல்லிக்கொண்டு வேறு குரல்கள் அழைக்கும். கேட்பவர் உண்மையாகவே பணமிழந்தவராக இருந்தால் தொகை, தேதி எல்லாம் சரியாகச் சொல்லி, மீட்புக் கட்டணம், ஜிஎஸ்டி என்று மேலும் வாங்கப் பார்க்கும். புகாரைப் பதியவோ, முடக்கிய பணத்தை விடுவிக்கவோ காவல்துறை எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை.